நெல்டா எழுதிய பெயர்

“சீப்பு ஒண்ணு. பல்லு ரெண்டு போயிருக்கு, அது முன்னாடியே போனதுதானே? சாவிக்கொத்து. மாதா படம் போட்ட செயின். பாதி சூயிங்கம். அதையும் எழுதிக்கிறேன் கண்ணு, அப்புறம் காணோம்னு வந்து நிக்கக்கூடாது.”

எதிரே விலங்கு மாட்டி நிற்பவனின் சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டுத் துழாவி, எடுத்த ஒவ்வொன்றையும் மேஜைமேல் வைத்து, அவன் காதில் விழும்படி அதன் பெயரைச் சொல்வாள் நெல்டா க்ரம்ளி. அவசரப்படமாட்டாள். வெளியே வரிசை நீண்டிருக்கும், கொண்டுவந்த டெபுடி, ஷெரீப்பின் காவலர், கொட்டாவி விடுவார். அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். தன்னுடைய அற்பப் பொருள்களின் பெயரைக் கேட்கக் கேட்க அவன் மூச்சு சீராகும். அதை அவள் எங்கும் படிக்கவில்லை. பதினான்கு வருஷமாகப் பார்த்ததில் தெரிந்துகொண்டது.

ஹார்லோ கவுண்டியின் மாவட்டச் சிறையில் உடைமை அறை அவள் பொறுப்பு. உள்ளே வருகிறவர்கள் கழற்றிக் கொடுப்பதையெல்லாம் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பையில் போட்டு, சூடு வைத்து ஒட்டி, எண் எழுதி அடுக்கவேண்டும். போகிறவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். வயது அறுபத்து மூன்று. ஜூலை மாதத்திலும் பழுப்புக் கம்பளிச் சட்டையோடுதான் இருப்பாள். கட்டடத்தை அவ்வளவு குளிர வைத்திருப்பார்கள். “குளுந்து கெடந்தா ஆளுங்க சண்டை போடமாட்டாங்கன்னு எவனோ சொல்லியிருக்கான். எனக்கு முட்டியில்ல போச்சு” என்பாள்.

பிறந்த தேதி தாளிலேயே இருக்கும். இருந்தாலும் கேட்பாள். சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு, “ஒனக்கு அன்னிக்கு ஆலங்கட்டி மழை. ட்ரக்குக் கண்ணாடி போச்சேன்னு ஒங்கப்பா அதையே பேசிக்கிட்டு நின்னாரு, ஒன்னையத் திரும்பிக்கூடப் பாக்கல” என்று ஏதாவது சொல்வாள். சிறைக்கு வருவதற்குமுன் இருபத்தேழு வருஷம் அவள் கவுண்டிச் சுகாதார அலுவலகத்தில் பிறப்புப் பதிவாளராக இருந்தவள். தினமும் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுக்குப் போய், கட்டில் கட்டிலாக நின்று, பெரிய பதிவேட்டில் பேர் எழுதுவாள். வார்டை மூடினார்கள். பதிவாளர் வேலையும் போயிற்று. சிறையில் ஆள் வேண்டும் என்றார்கள், வந்துவிட்டாள். இப்போது உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் அவள் எழுதிய குழந்தைகள். சிறைக்குப் பொறுப்பான கேப்டன் ராய்ஸ் டிட்மோர்கூட அவள் எழுதியவன்தான். அதனால் அவனை ‘நீ’ என்பாள். அவன் அவளை மிஸ் நெல்டா என்பான், ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது.

“நான் எழுதுன பேருல தப்பே இருக்காது” என்பது அவள் அடிக்கடி சொல்லும் பேச்சு. பெருமையாகக்கூடச் சொல்வதில்லை. தண்ணீர் நனைக்கும் என்பதுபோலச் சொல்வாள்.

அவள் இருக்கும் அறைக்கு இரண்டு பக்கம். முன்னே தடித்த கண்ணாடிச் சன்னல், அதற்கு அப்பால் பார்வையாளர் கூடம். பின்னே இரும்பு அலமாரிகள், வரிசை வரிசையாகப் பைகள். அந்தப் பைகளுக்குள் கைபேசிகள் அடித்துக்கொண்டே இருக்கும்.

உரியவன் கண்முன் அணைத்துவிட்டுத்தான் உள்ளே போடவேண்டும் என்று விதி. ஆனால் இந்த இரண்டு வருஷமாக ஆட்கள் ஒரே வண்டியில் ஆறு பேர், ஏழு பேர் என்று வருகிறார்கள். கைபேசிகள் தனியே ஒரு பெட்டியில் வந்து சேரும். எது எவருடையது என்று பிரித்துப் போடுவதற்கே நேரம் போதாது. பூட்டிய கைபேசியை அணைக்கவும் அவளுக்குத் தெரியாது. அவை அங்கேயே கிடந்து அடிக்கும். ஒன்று சேவல்போலக் கூவும். ஒன்றில் தேவாலயப் பாட்டின் முதல் இரண்டு வரி. ஒன்றில் ஒரு சின்னப் பெண் தன் குரலைப் பிடித்து வைத்திருந்தாள், ஸ்பானிஷில், அப்பா எடு, அப்பா எடு என்று. பிளாஸ்டிக் வழியாக வெளிச்சம் வரும். அழைப்பவரின் முகம் தெரியும், சிரித்தபடி. இரண்டாம் நாள் அடிக்கடி அடிக்கும். மூன்றாம் நாள் மாலைக்குள் குரல் தேய்ந்துவிடும். நான்காம் நாள் பாட்டரி தீர்ந்து, பை வெறும் பைதான்.

நெல்டா திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்வாள். “இல்லம்மா, அவரு இங்க இல்ல.” எழுதுவதை நிறுத்தமாட்டாள். புதிதாக வேலைக்கு வந்த டெபுடிகள், அறைக்குள் அவள் யாரோடோ பேசுவதைக் கேட்டு எட்டிப் பார்ப்பார்கள். யாரும் இருக்கமாட்டார்கள். பிறகு அவர்கள் தேவையில்லாமல் அந்தப் பக்கம் வருவதை விட்டுவிடுவார்கள்.

எல்லாம் அந்தச் சட்டம் வந்த பிறகுதான். தலைநகரில் மாநிலச் சட்டமன்றம் கைதட்டி நிறைவேற்றியது. உள்ளே கொண்டுவரப்படும் ஒவ்வொருவரிடமும் எங்கே பிறந்தாய் என்று கேட்கவேண்டும். சொன்னதைக் கம்ப்யூட்டரில் ஒத்துப் பார்க்கவேண்டும். ஒத்துவரவில்லை என்றால் மத்திய அரசின் குடியேற்றத் துறைக்குச் சொல்லவேண்டும். அவர்கள் பிடித்து வைக்கச் சொன்னால், நீதிபதி விட்டுவிட்டாலும் நாற்பத்தெட்டு மணி நேரம் பிடித்து வைக்கவேண்டும். அந்தத் தாளுக்குச் சிறையில் ‘ஹோல்டு’ என்று பேர். தெரிந்தே மீறும் சிறை ஊழியர் குற்றவாளி. ஷெரீப் ஆர்லிஸ் வீம்ஸ் ஊழியர்களைக் கூட்டி அதை வரிவரியாகப் படித்தார். படித்து முடித்து, தாளைக் கவிழ்த்து வைத்து, இதை எழுதினவர்கள் யாரும் இங்கே வந்து சோறு போடப்போவதில்லை என்று மட்டும் சொன்னார். 

கேள்வி கேட்பது பதிவு மேஜையில் உள்ள டெபுடியின் வேலை. நெல்டா அதில் இல்லை. ஆனால் அதன் மறுமுனை அவள் சன்னலில்தான் வந்து நிற்கும்.

ஹோல்டு உள்ளவர்களை ஏற்றிப்போகக் காலை பத்து மணி வாக்கில் மத்திய அரசின் வெள்ளை வண்டி வரும். பின்புறம், வண்டிகள் உள்ளே நுழைய மேலே ஏறித் திறக்கும் இரும்புக் கதவு வழியாக. ஆளை மட்டும்தான் ஏற்றுவார்கள், பை அலமாரியிலேயே நின்றுவிடும். ஆளை ஒப்படைத்ததும் கவுண்டியின் கணக்கு முடிந்துவிடும். கம்ப்யூட்டருக்கு அதைச் சொல்ல ஒரே வார்த்தைதான் தெரியும். கூடத்துச் சுவரில் தொங்கும் திரையில் அவன் பேருக்கு நேரே பச்சை எழுத்தில் ‘விடுவிக்கப்பட்டார்’ என்று வரும், மணியோடு. கூடத்தில் காத்திருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். எழுந்து முன்கதவைப் பார்த்து நிற்பார்கள். பிள்ளைகளின் முகத்தைத் துடைத்துவிடுவார்கள். ஒருமுறை ஒரு பெண், புருஷன் வந்ததும் மாட்டிவிடலாம் என்று அவனுடைய மேல்சட்டையைத் தோள் பக்கம் விரித்துப் பிடித்தபடியே கால் மணி நேரம் நின்றாள். கதவு திறக்கவில்லை. யாரை எங்கே, எப்போது கொண்டுபோகிறார்கள் என்று ஊழியர் சொல்லக்கூடாது. சன்னல் ஒலிபெருக்கியில் பேசுவதெல்லாம் பதிவாகிறது. நெல்டா, “இணையத்துல பாருங்கம்மா, நாளைக்குத் தெரியும்” என்று சொல்வாள். அது தனக்கே காதில் விழாதமாதிரி சொல்வாள்.

ஊரும் மாறிப்போயிற்று. கோழி ஆலை நடக்கிறது, ஷிப்டுக்கு ஊதுகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பந்து மைதானத்தில் புல் முழங்கால்வரை ஏறிவிட்டது. சலவைக் கடையில் பகல் பன்னிரண்டுக்கு இயந்திரங்கள் எல்லாம் வாய் திறந்து கிடக்கின்றன. எதிரே வரும் வண்டியில் யாராவது ஷெரீப் அலுவலகச் சீருடையைப் பார்த்தால், அது சாமான் அறைக்காரியின் சீருடைதான் என்றாலும், அடுத்த சந்தில் திரும்பிவிடுகிறார்கள். நெல்டா இப்போது வேலைக்குப் போகும்போது கம்பளிச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொள்கிறாள்.

போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை டிலன் பாஸ்குவலைக் கொண்டுவந்தார்கள். கூரைவேலை செய்கிற பையன், பத்தொன்பது வயது. ஏணி கட்டிய ட்ரக்கில் பின்விளக்கு எரியவில்லை, ஓட்டிவந்த அவனிடம் உரிமம் இல்லை. அவ்வளவுதான். நெல்டா அவன் பைகளைத் துழாவினாள். ஆணி ஒன்பது, சாக்பீஸ் ஒன்று, கைபேசி. கழற்றிக் கொடுத்த வேலைக் காலணிகளும் பைக்குள் போயின. பிறகு பிறந்த தேதியைக் கேட்டாள்.

“மார்ச் ஒம்போது” என்றான் அவன்.

அவள் கண்ணை மூடினாள். “பனி. மார்ச்சுல அப்படி ஒரு பனி இங்க யாரும் பாத்ததில்ல. ரோடெல்லாம் அடைச்சுப்போட்டாங்க. அன்னிக்கு வார்டுல ஒரே ஒரு கொழந்தைதான்.”

“எங்கம்மாவும் பனின்னுதான் சொல்லும்” என்றான்.

பதிவு மேஜையில் இருந்த டெபுடி நிமிராமல், கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லவில்லை என்றார். ஹார்லோ ஆஸ்பத்திரியில் பிறந்ததாகச் சொல்கிறான், ஆனால் மாநிலப் பிறப்புக் கணக்கில் டிலன் பாஸ்குவல் என்று எவனும் இல்லை. பேரோடு தேதியைச் சேர்த்துப் போட்டும் பார்த்தாயிற்று. நெல்டா, தான்தான் எழுதினேன், நன்றாகப் பார் என்றாள். டெபுடி திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். வெள்ளையாக இருந்தது. மத்தியானத்துக்குள் குடியேற்றத் துறையிலிருந்து யாரோ தொலைபேசியில் அவனிடம் நான்கு கேள்வி கேட்டார்கள். அம்மா எந்த நாடு என்பது அதில் ஒன்று. குவாத்தமாலா என்றான். மூன்று மணிக்கு ஹோல்டு வந்துவிட்டது.

மறுநாள் காலை நீதிபதி அபராதம் போட்டு விட்டுவிட்டார். ஹோல்டு விடவில்லை.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு யூலாலியா வந்தாள், டிலனின் அம்மா. கோழி ஆலையில் தொடை வெட்டும் வரிசை. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். தலைமுடி வலை அழுத்திய கோடு நெற்றியில் இன்னும் இருந்தது. கத்தி பிடித்துப் பிடித்து விரல்கள் முழுதாக விரியவில்லை. அவளிடம் எந்தக் காகிதமும் இருக்காது என்பது நெல்டாவுக்குக் கேட்காமலே தெரிந்தது. இந்தக் கட்டடத்துக்குள் அவள் வந்து உட்காருவது எப்படிப்பட்ட காரியம் என்பதும் தெரிந்தது. யூலாலியா சன்னலின் கீழ்த்துளை வழியாக ஒன்றை நகர்த்தினாள். மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக் வளையம், விரலுக்குத்தான் காணும். பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் கட்டுவது. ‘ஆண் குழந்தை, பாஸ்குவல்’ என்று மங்கலாக இருந்தது.

“இங்க பொறந்தான். நீங்க வந்தீங்க. பெரிய புஸ்தகம். நீங்க எழுதினீங்க” என்றாள் யூலாலியா.

சாட்டிபிக்கேட் எங்கே என்று நெல்டா கேட்டாள். அப்போது தபாலில் வந்ததாம். பேர் வேறாக இருந்ததாம். வேறு ஆளின் காகிதத்தை வைத்துக்கொண்டால் ஜெயில் என்று யாரோ சொன்னார்களாம். பயந்து மூடி வைத்தாள். அப்புறம் வீடு மாறியதில் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் இந்த வளையத்தைக் காட்டித்தான் சேர்த்தாள்.

நெல்டா சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடவில்லை. நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்துக்குப் போனாள். பழைய பதிவேடுகள் அங்கேதான் இருக்கின்றன, ஈர நாற்றத்தில். பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த நாளுக்கு ஒரே வரிதான். அவளுடைய கையெழுத்து, சாய்வே இல்லாமல், அச்சுப்போல. முதற்பெயர், பாஸ்குவல். குடும்பப் பெயர், டிலன்.

அவள் நாற்காலி தேடி உட்கார்ந்தாள். எல்லாம் நினைவுக்கு வந்தது. கட்டிலில் ஒரு சின்னப் பெண், ஒரு வார்த்தை பாஷை தெரியாது, கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டதற்குக் குழந்தையின் பெயரைச் சொன்னாள். சொன்னதைச் சொன்ன கட்டத்தில் எழுதியாயிற்று. குழந்தையின் கையில் குடும்பப் பெயர் போட்ட வளையம் இருந்தது. குனிந்து பார்த்திருந்தால் போதும். சன்னலுக்கு வெளியே பனி ஏறிக்கொண்டிருந்தது, மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். மேட்டுச் சாலையை மூடுவதற்குமுன் வீடு போய்ச் சேரவேண்டும் என்று அவள் கையிலேயே கார்ச் சாவியைப் பிடித்துக்கொண்டு எழுதினாள்.

நகல் எடுத்தாள். நீதிமன்றக் குமாஸ்தாவின் முன் உறுதிமொழி எடுத்து, நான்தான் மாற்றி எழுதினேன், இருவரும் ஒருவரே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதிவையே திருத்தவேண்டும் என்றால் நீதிபதி உத்தரவு வேண்டும், அதற்கு வாரக்கணக்காகும் என்று குமாஸ்தா சொன்னார். இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு கேப்டன் அறைக்குப் போனாள்.

ராய்ஸ் நிதானமாகப் படித்தான். “மிஸ் நெல்டா, இது பாஸ்குவல் டிலன். நம்மகிட்ட இருக்கறது டிலன் பாஸ்குவல். சட்டப்படி ரெண்டும் வேற ஆளு.”

“ஒரே ஆளு, ராய்ஸ். நான்தான் மாத்தி எழுதிட்டேன்.”

“நீங்கதான் தப்பே எழுதமாட்டீங்களே” என்றான் அவன். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அது அவனுக்கு இடித்தது.

“எழுதியிருக்கேன்” என்றாள் நெல்டா.

அவன் கெட்டவன் இல்லை. தெரிந்தே விட்டால் தன்மேல் வழக்கு வரும், வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்று சொன்னான். ஆனால் தாள்களை உடனே குடியேற்றத் துறைக்கு அனுப்பினான், அவள் கண்முன்னேயே. ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. அவள் எழுந்து நின்று அவன் தோளுக்குமேல் எட்டிப் படித்தாள். ‘பெறப்பட்டது. இந்த முகவரிக்குப் பதில் எழுதவேண்டாம்’ என்று இருந்தது.

அன்று சாப்பாட்டு மேஜையில் நெல்டாவின் கணவர் ஜீன், புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர், அவள் தட்டைப் பார்த்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “ஒனக்குப் பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு, நெல்டா” என்றார்.

“அந்தப் பையனுக்குப் பத்தொம்பது வருஷம் ஆயிருச்சு” என்றாள் அவள்.

வியாழக்கிழமை ஒன்பதே முக்காலுக்குப் பின்கதவு ஏறும் சத்தம் சுவர் வழியாக வந்தது. கூடத்தில் யூலாலியா மட்டும் இருந்தாள், தேய்த்து மடித்த ஒரு வெள்ளைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு. நெல்டா சன்னலுக்கு இந்தப் பக்கம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள். அலமாரியில் ஏதோ ஒரு பை சேவலாகக் கூவியது. அவள் பதில் சொல்லவில்லை.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்குத் திரை மாறியது. டிலன் பாஸ்குவல். விடுவிக்கப்பட்டார்.

யூலாலியாவுக்கு அந்த ஒரு வார்த்தை படிக்கத் தெரிந்திருந்தது. எழுந்து தலையைத் தடவிக்கொண்டாள். சட்டையை நெஞ்சோடு வைத்து முன்கதவைப் பார்த்து நின்றாள். அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்பதை நெல்டா இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம் போயிற்று. நெல்டா பொத்தானை அழுத்தினாள். ஒலிபெருக்கியின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

“முன்னாடி வரமாட்டான், யூலாலியா. பின்னாடி ரோட்டுக்குப் போ. வெள்ளை வண்டி. வேலிப் பக்கம் போயிடாத. எதிர்ல டயர் கடை இருக்கு, அதுக்கு முன்னாடி நில்லு. லூசியானா முகாமுக்குக் கொண்டுபோறாங்க. இப்பவே போ.”

யூலாலியா ஓடவில்லை. ஓடினால் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். வேகமாக நடந்து போனாள்.

நெல்டாவின் மேஜையில் ஒரு சின்னத் திரை உண்டு. பின்வாசல் காமெரா அதில் தெரியும். சத்தம் கிடையாது, நிறமும் கிடையாது. அவள் அதைப் பார்த்தாள். கதவு ஏறியது. வண்டி வெளியே வந்து திரும்பியது. சன்னல்கள் எல்லாம் கறுப்பு. சாலைக்கு அந்தப் பக்கம், அடுக்கி வைத்த டயர்களுக்கு முன்னால், ஒரு சின்ன உருவம் ஒரு சட்டையைத் தோள் பிடித்து இரு கையாலும் உயர்த்திக் காட்டிக்கொண்டு நின்றது. வண்டி அதைக் கடந்தது. சாலை காலியானது. உருவம் சட்டையை இறக்கவில்லை. வெகு நேரம் அப்படியே இருந்தது. படம் உறைந்துவிட்டதோ என்று நெல்டா விரலால் திரையைத் தட்டிப் பார்த்தாள்.

ஷெரீப் வீம்ஸ் அவளை மத்தியானம் கூப்பிட்டார். சன்னல் பதிவை இன்னும் தான் கேட்கவில்லை என்றார். யாரும் கேட்கச் சொல்லாதவரை கேட்பதற்கு நேரமும் இல்லை. முப்பது நாளில் அது தானே அழிந்துவிடும். இதைச் சொல்லும்போது அவர் சன்னலுக்கு வெளியே கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெல்டா நன்றி சொல்லவில்லை. சொன்னால் ஏதோ நடந்ததாக ஆகிவிடும்.

அந்த முப்பது நாளும் அவள் வேலைக்கு வந்தாள். பைகளைத் துழாவினாள், பொருள்களின் பெயரைச் சொன்னாள். பிறந்த தேதி மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. நகலை லூசியானாவில் மூன்று முகவரிக்கு அனுப்பினாள். அங்கே இலவசமாக வழக்குப் பார்க்கும் ஒரு பெண் வழக்கறிஞர் அதைக் கையில் எடுத்தார் என்று பிறகு தெரிந்தது. ஒருநாள் அவள் சிறைக் கம்ப்யூட்டரில் அவன் பெயரைப் போட்டுப் பார்த்தபோது, வெள்ளையாக இருந்த இடத்தில் இரண்டு வரி இருந்தது. பாஸ்குவல் டிலன், பிறப்பு ஹார்லோ. டிலன் பாஸ்குவல், பிறப்பு தெரியவில்லை. அவளுடைய உறுதிமொழி போய்ச் சேர்ந்திருக்கிறது. யாரோ அதைப் படித்து, இருவராக எழுதிவிட்டார்கள்.

இருபத்தெட்டாம் நாள், வியாழன், பகல் பன்னிரண்டுக்கு, சன்னலுக்கு வெளியே அவன் நின்றான். அம்மா தேய்த்து வைத்த அந்தச் சட்டைதான். உள்ளே ஆள் பாதியாகியிருந்தான். காலில் அவர்கள் கொடுக்கிற ரப்பர்ச் செருப்பு. பை வாங்க வந்திருந்தான். அவள் ஒன்றும் கேட்பதற்குமுன் அவன் ஆரம்பித்துவிட்டான், ஏற்ற இறக்கம் இல்லாத குரலில்.

“ஹார்லோ ஆஸ்பத்திரி. மார்ச் ஒம்போது. பனி. அம்மா பேரு யூலாலியா. எழுதுனவங்க பேரு க்ரம்ளி.”

“நான் கேக்கல கண்ணு” என்றாள் நெல்டா.

அவன் மன்னிப்புக் கேட்டான். அங்கே காலையும் மாலையும் பெயர் கூப்பிடுவார்கள் என்றான். இரண்டு பெயருக்கும் அவனே குரல் கொடுப்பான். ஒருநாள் தலையை எண்ணியபோது ஒரு ஆள் குறைந்தது. எண்பது பேரையும் இரண்டு மணி நேரம் நிற்க வைத்து மறுபடி மறுபடி எண்ணினார்கள். “கொறையறது நான்தான்னு எனக்குத் தெரியும். நான் அங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன். சொன்னா யாரு கேப்பா?” கடைசியில் பாஸ்குவல் டிலனை விடச் சொல்லி உத்தரவு வந்தது. பஸ் டிக்கெட் கொடுத்தார்கள். வெளியே வந்து படியில் நிற்கும்போது, உள்ளே மாலைக் கணக்குக்குப் பெயர் கூப்பிடுவது ஒலிபெருக்கியில் கேட்டது. டிலன் பாஸ்குவல் என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள்.

நெல்டா திரையைப் பார்த்தாள். முதல் வரி மூடியிருந்தது. இரண்டாவது வரி திறந்தே இருந்தது. ஹோல்டு, நடப்பில். பையின் எண் அந்த இரண்டாவது பெயரில்தான் இருந்தது. எண்ணைப் போட்டுத் திருப்பிக் கொடுக்கும் கட்டத்தைத் தொட்டாள். முடியாது, உரியவர் காவலில் உள்ளார் என்று வந்தது. மறுபடி தொட்டாள். மறுபடி அதுவே வந்தது. பதிவைத் திருத்த நீதிபதி கொடுத்திருக்கும் தேதிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

கட்டடத்தின் பின்புறம் இரும்புக் கதவு ஏறியது. அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு சன்னலுக்கு வெகு அருகில் வந்து, கண்ணாடியில் மூச்சுப் படியும்படி, மெதுவாகக் கேட்டான்.

“அவன் இன்னும் உள்ளதான் இருக்கான், இல்ல மிஸ் நெல்டா? அவனத் தேடிக்கிட்டு இங்க வருவாங்களா?”

 வரமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். பதினான்கு வருஷத்தில் அந்தச் சன்னல் வழியாகச் சொன்னதையெல்லாம் நினைத்துக்கொண்டாள்போல, வாயை மூடிக்கொண்டாள். அவனைப் பெஞ்சில் உட்காரச் சொன்னாள்.

அலமாரிக்குப் போய்ப் பையை எடுத்தாள். கத்தரி தேடாமல் கையாலேயே கிழித்தாள். மேஜையைச் சுற்றி வந்து, கூடத்துக்குப் போகும் இரும்புக் கதவைத் திறந்தாள். வேலை நேரத்தில் அவள் அந்தக் கதவைத் தாண்டி யாரும் பார்த்ததில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற முட்டியை முதலில் ஊன்றி, அவன் முன்னால் மண்டியிட்டாள். தார் ஒட்டிய வேலைக் காலணிகளைப் பையிலிருந்து எடுத்தாள். கட்டி தட்டிப்போன கயிறுகளை ஒவ்வொரு கண்ணாகத் தளர்த்தினாள். காலணியின் நாக்கை முன்னே இழுத்துவிட்டாள். பிறகு இரண்டையும் தரையில் அருகருகே வைத்து, முனைகள் தெருக்கதவைப் பார்க்கும்படி மெல்லத் திருப்பி வைத்தாள்.